பூட்டிய அறைக்குள் அடித்த போன்

என் பேச்சை என்றுமே கேட்காதவருக்கு,

உங்களிடம் கத்தக் கூடாதென்று டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன்.

கண் விழித்ததுமே, "யாரக் கேட்டு ஆபீஸ் ரூம் கதவ உடைச்சாங்க?" என்றீர்களாமே. நான்தான் ஓடி வந்து உடைக்கச் சொன்னேன்.

நீங்கள் உள்ளே விழுந்த சத்தம் கேட்டும், உங்கள் ஆட்கள் வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கதவை உடைக்க அனுமதி கேட்டு உங்களுக்கே போன் அடித்திருக்கிறார்கள். அது உங்கள் சட்டைப்பையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"சாரக் கேக்காம ஒரு துரும்பக்கூட அசைச்சுப் பழக்கமில்லம்மா" என்று அழுதார் மேனேஜர். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

இன்று அவர்களே ஆர்டர் எடுத்து, அவர்களே லோடு அனுப்பினார்கள். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. உங்கள் போனில் கூப்பிட்டவர்கள் எல்லோரும் உங்கள் உடம்பைத்தான் விசாரித்தார்கள்.

புதுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாமென்று தச்சரிடம் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் மனைவி