ஒன்றும் செய்யாத கோப்பு

இன்று மத்தியானம் ஆபீசில் பக்கத்து மேஜைப் பெண் டப்பாவைத் திறந்தாள். கோங்கூரா என்னும் புளிச்சக்கீரை ஊறுகாயின் வாசனை. உடனே உன் நினைவுதான் வந்தது. அந்த ஊறுகாய் இல்லாமல் உனக்குத் தயிர்சாதம் இறங்காதே! மௌலா அலி ரயில்வே காலனித் தமிழச்சிக்கு நாக்கு மட்டும் தெலுங்கு என்று கேலி செய்வேன். "ஹவ், அதுக்கென்ன இப்போ?" என்பாய். உன் பேச்சில் 'ஆமாம்' எப்போதும் 'ஹவ்'தான்.

நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம் அது. என் அப்பா ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் என் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனை முடிவுகளை டாக்டர்களுக்கு அனுப்பும் நாற்பது மெஷின்கள் நம் பொறுப்பில் இருந்தன. நாம் எழுதிய நிரல் ஒவ்வொரு மெஷினாகப் போகும். அது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தனிக்கோப்பு அதன் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அந்த ஊரின் கோப்பு. அதுவும் இல்லையென்றால் கடைசியாகப் பொதுக்கோப்பு. எது முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு மேலே தேடாமல் அடுத்த மெஷினுக்குப் போய்விடும்.

டீஃபால்ட் ஃபைல் என்று நாம் சொல்லும் அந்தப் பொதுக்கோப்பை நீ எழுதினாய். எதையும் அனுப்பாதே, எதையும் அழிக்காதே, வந்ததை வைத்துக்கொண்டு நில். அவ்வளவுதான் அதில் இருந்தது.

"ஒண்ணுமே செய்யாத ஃபைல் எதுக்குடி? பயந்தாங்கொள்ளி" என்றேன்.

"சிக்னல் கெட்டுப்போனா செவப்புலதான் நிக்கணும். எங்கப்பா பார்த்த வேலையே அதுதான். தெரியாத மெஷினைப் பச்சையில விடறது நக்கோ, வேணவே வேணாம்."

பேச்சு வளர்ந்தது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எனக்கு நாக்கு நீளும். "ரயில்வே காலனிப் புத்தி வேற எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். தொழிற்சாலை டவுன்ஷிப்பில் வளர்ந்த என் திமிர், வேறென்ன. நீ உன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாய். அதன்பின் இரண்டு நாள் நமக்குள் பேச்சே இல்லை.

நிரலை ஓட்டுமுன், கோப்புகளைத் தேடும் வரிசையை ஒருத்தி உரக்கப் படிக்க வேண்டும், மற்றவள் ஒவ்வொன்றுக்கும் "ஹவ்" சொல்ல வேண்டும். அது நம் வழக்கம். பேசாதவளிடம் போய் எப்படிப் படிப்பது? நீ கான்டீனுக்குப் போகும்வரை காத்திருந்து நானே ஓட்டினேன். அதற்கு முன் வரிசையையும் "ஒழுங்குபடுத்தி" வைத்தேன். பொதுவானது முதலில், தனியானது பிறகு, பள்ளிக்கூடக் கட்டுரையைப் போல. நாற்பது மெஷினும் முதலில் கண்ட பொதுக்கோப்பையே எடுத்துக்கொண்டன.

பத்து நிமிடத்தில் ஃபோன்கள் அலறின. எந்த ஊரிலும் ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர்களுக்குப் போகவில்லை. எல்லாம் அழிந்துவிட்டன என்று நினைத்தேன். நீ சாப்பாட்டை விட்டு ஓடி வந்தாய். வலது கையெல்லாம் ஊறுகாய், இடது கையால் கீபோர்டைத் தட்டிப் பார்த்தாய்.

"ஒண்ணும் போகலடி. எல்லாம் அப்படியே நிக்குது, பாரு."

ஒரு முடிவுகூடத் தொலையவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்த கோப்பு அத்தனையையும் பிடித்து வைத்திருந்தது. வரிசையைப் பழையபடி மாற்றி மறுபடி ஓட்டினோம். அரை மணியில் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

அப்போது மேனேஜர் வந்து, ஏன் நின்றது என்று கேட்டார். "டீஃபால்ட் ஃபைல்ல சார்..." என்று ஆரம்பித்தேன். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் பழி உன் தலையில் விழுந்திருக்கும். பொய்யும் ஆகாது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். காலி செய்ய வேண்டிய குவார்ட்டர்ஸும் அப்பாவின் முகமும் மனதில் வந்து போயின. "வரிசையை மாத்தினது நான் சார். இவளைக் கேக்காம ஓட்டினேன். இவ ஃபைல்தான் காப்பாத்திச்சு" என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, இனி இருவரும் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உன் பக்கத்தில் வந்து நின்றேன். "காலனின்னு சொன்னது தப்புடி. மன்னிச்சுக்கோ."

"ரெண்டு நாளாத் தூங்கலடி நான்" என்றாய். உன் பஸ் வந்தது, நீ ஏறவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது. அப்புறம், "நாளைக்கு உன் டப்பால என்ன?" என்று கேட்டாய்.

வேலை இருவருக்கும் நிரந்தரமானது. ஏழு வருஷம் கழித்து உன் கணவர் ஃபோன் செய்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை என்றார். அன்று முழுக்க அழுதேன். நடுநடுவே, உன்னிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெற்ற அம்மாவிடம்கூட இறங்கிப் போகாதவள் நான். உன்னிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீயும் அன்றைக்கே கோபத்தை விட்டுவிட்டாய். அந்த நிம்மதி இன்னும் என்னிடம் இருக்கிறதடி.