சொல்லாமல் வைத்த விடை

நவம்பர் 14, வெள்ளி. குண்டசாலை.

காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் அந்தத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் அங்கத்தை இன்று மத்தியானம் திரும்பப் பார்த்தேன். விடை கிடைத்துவிட்டது. காணாமல்போன பொறியியலாளரும் அவரைத் தேடிவரும் கிழவரும் ஒரே ஆள். இருவருமே கடிதத்தின் அடியில்தான் திகதி போடுகிறார்கள். நாற்பது வருடம் செய்தி எழுதியவன் கண்ணுக்கு அது தப்பாது.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு கட்டாரிலிருந்து மகள் ஸல்மா அழைத்தாள். முன்பெல்லாம் சாப்பாடு, மருந்து என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு முடியும். இந்தத் தொடர் வந்தபின் தினமும் ஒரு மணித்தியாலம்.

"வாப்பா, அந்தக் கெழவன் யாருண்டு கண்டுபுடிச்சீங்களா?"

"இல்ல மகள். ஒண்டும் வெளங்கல்ல."

"இவ்வளவு காலம் பேப்பர்ல என்னதான் செஞ்சீங்களோ! நான் சொல்றன், கேளுங்க. அது அந்த எஞ்சினியர்ட வாப்பா."

அந்தப் பிழையான ஊகத்தை முக்கால் மணி நேரம் விளக்கினாள். நான் குறுக்குக் கேள்விகள் கேட்டேன். விடையைச் சொல்லிவிட்டால் நாளைக்கு எதைப் பேசுவது?

உறுதியான செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிடாமல் இருந்தது இதுவே முதல் தடவை.

நாளை அவளும் முதலிலிருந்து திரும்பப் பார்க்கப் போகிறாளாம். மூன்றாம் அங்கத்தில், அடியில் திகதி போட்ட அந்தக் கடிதம் திரை முழுக்க வருகிறது.