சின்னக் கண் வலை

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் அங்கிருந்து அனுப்பிய வலையின் கண்ணில் கொசுகூட நுழையாது. முதல் நாள் உங்கள் தம்பி படகு கொள்ளாமல் மீன் கொண்டுவந்தார். கரையே வாய்பிளந்தது. மறுமாதமே ஏரியில் எல்லோரிடமும் அதே வலை.

வந்ததெல்லாம் நகத்தளவுக் குஞ்சுகள். கோழித்தீவனத்துக்குத்தான் ஆயிற்று.

"வளர்ந்து முட்டை போட்டாத்தானே நாளைக்கு மீனு? விட்டுடுங்களேன்" என்றேன்.

"நான் விட்டா அடுத்தவன் அள்ளிடுவான் அண்ணி" என்றார்.

இப்போது வலையில் பாசிதான் ஏறுகிறது. பிள்ளைகள் பசி மறக்கத் தூங்குகிறார்கள்.

உங்கள் தம்பி வாசலில் நிற்கிறார். "இதைவிடச் சின்னக் கண்ணா ஒரு வலை அனுப்பச் சொல்லுங்க அண்ணி" என்கிறார்.

சொல்லிவிட்டேன். உங்கள் காலில் விழுகிறேன், அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி