நான்கு ஸ்குரூ போட்ட சவுண்ட் கார்ட்

நேற்றுப் பின்னேரம் உன் தங்கை வந்து ஒரு துணிப்பையைத் தந்துவிட்டுப் போனாள். "அக்காவின்ர சாமான். உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ" என்றாள். உள்ளே, கம்ப்யூட்டருக்கு வெளியில் பூட்டும் உன் கறுப்புச் சவுண்ட் கார்ட் பெட்டி, சாம்பல் வயரைச் சுற்றியபடி இருந்தது. பையைத் திறந்ததும் நீ நெற்றியில் பூசும் தைலத்தின் வாசம் வந்தது. உன் செத்தவீட்டில் அழாத நான் அப்போது குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சண்டைக்காலத்தில் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். இருவருக்கும் வேலை ஹெவ்லொக் டவுனில் ஒரே அலுவலகத்தில். கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த சனங்கள் பேசிப் பதிந்ததைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலை. உனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நீ ஹெட்போனைக் காதில் மாட்டி, கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டுவாய். பிறகு எழுத்துப்பிழை பார்ப்பது நான். உன் வேகத்துக்கு என்னால் வாசிக்கவே முடியாது.

ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் இருந்த சவுண்ட் கார்ட் உன்னைப் படாத பாடு படுத்தியது. மௌஸை அசைத்தாலே காதுக்குள் கீச்சென்று ஒரு இரைச்சல். தாழ்ந்த குரலில் பேசுகிறவர்களின் சொற்கள் அதற்குள் அமிழ்ந்துபோகும். கேளாத இடத்தில் மற்றவர்கள் 'தெளிவில்லை' என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். நீ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாய். அதனால் உன் வேலை பிந்தியது.

மனேஜர் ஒருநாள் உன் மேசைக்கே வந்தார். "பார்வை இல்லாதவைக்கு இது கஷ்டமான வேலைதான். நாங்கள் குறையாச் சொல்லேல்ல" என்றார்.

"எனக்குக் கண்தான் தெரியாது சேர். காது நல்லாக் கேக்கும். பிழை உங்கட மெஷினில. வெளியில பூட்டுற கார்ட் ஒண்டு வாங்கித் தாங்கோ" என்றாய்.

"மற்றவை இதே மெஷினிலதானே செய்யினம்?"

"மற்றவை விட்டுப்போட்டுப் போயினம். நான் விடமாட்டன்."

அவர் வாங்கித் தரவில்லை. வந்த சனிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போய் நீயே வாங்கினாய். கடைக்காரர் காட்டிய ஒவ்வொன்றையும் பூட்டச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றையும் ஓடவிடாமல், இரைச்சல் வருகிறதா என்று வெறுமையைக் கேட்டாய். மூன்றாவதில்தான் உன் முகம் தெளிந்தது.

திரும்பி வரும்போது காலி வீதிச் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வயரும் சின்ன லைட்டும் கொண்ட பெட்டியைக் கண்டதும், குண்டோ என்று சிப்பாயின் முகம் மாறிவிட்டது. நான் என் அடையாள அட்டையை நீட்டினேன். நீ சிங்களத்திலேயே, இது கம்ப்யூட்டர் சத்தத்துக்கானது, சந்தேகமென்றால் கழற்றிப் பாருங்கள் என்றாய். அவர்கள் உண்மையாகவே கழற்றினார்கள். வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றோம். பிறகு, ஒன்றுமில்லை, போகலாம் என்று பெட்டியையும் ஸ்குரூக்களையும் உன் கையில் கொட்டினார்கள்.

நீ நகரவில்லை. விரலால் தடவி எண்ணினாய். "நாலு இருந்தது. இப்ப மூண்டுதான் இருக்கு" என்று சிங்களத்தில் சொன்னாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வா, போவம். உயிர் மிஞ்சினால் காணும்" என்று காதுக்குள் சொன்னேன். "என்ர சாமானை முழுசாத் தந்தால் வாறன்" என்று, அவர்களுக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னாய். கடைசியில் துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, அந்தச் சிப்பாய் மணல்மூட்டைக்குக் கீழே குனிந்து தேடி எடுத்துத் தந்தான்.

திங்கட்கிழமை அதைப் பூட்டியதும் "மௌஸை ஆட்டு" என்றாய். ஆட்டினேன். "இன்னும் ஆட்டு." நீ சிரித்தாய். இரைச்சல் போய்விட்டிருந்தது.

அன்று நீ கேட்டது, ஏற்கெனவே இரண்டு பேர் தட்டி முடித்த ஒரு தாயின் பதிவு. அவர்களின் தாளில் மூன்று இடத்தில் 'தெளிவில்லை' இருந்தது. நீ மூன்றையும் நிரப்பினாய். மகனின் பெயர் ஜெயரூபன். அவனைப் பிடித்துக் கொண்டுபோன அன்று போட்டிருந்தது நீலக்கோடு போட்ட சேட்டு. கொண்டுபோனவர்கள் யாரென்றும் அந்தத் தாய் மெல்லிய குரலில், ஆனால் ஒரு எழுத்தும் விடாமல் சொல்லியிருந்தார்.

மனேஜர் உன் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். கேட்டு முடித்து அதைக் கழற்றி மேசையில் வைத்தார். "தங்கச்சி, இது இப்பிடியே போனால் எங்களைத் தேடி வருவாங்கள். எனக்கும் பிள்ளையள் இருக்கு. தெளிவில்லை எண்டே இருக்கட்டும்" என்றார்.

"தெளிவாக் கேட்டனான் சேர். கேக்கேல்ல எண்டு எழுத மாட்டன்."

அவர் பொல்லாதவர் இல்லை, பயந்தவர். நானும் பயந்தவள்தான். அந்த அறையில் நின்றுகொண்டு உனக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாத முடிவில் உன்னை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். நீ உன் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, படியில் என் தோளைப் பிடித்து இறங்கினாய். "நீ வேலையை விடாத. வீட்டுக்குக் காசு ஆர் அனுப்புறது?" என்று மட்டும் சொன்னாய்.

நான் உன்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தத் தாளைத் திருத்தி அச்செடுக்கும் வேலை என்னிடம்தான் வந்தது. மூன்று இடத்திலும் பழையபடி 'தெளிவில்லை' என்று போடச் சொன்னார்கள். மூன்றையும் நீ தட்டியபடியே விட்டு, அச்செடுத்து, மற்றத் தாள்களுக்கு நடுவில் செருகி உறையை ஒட்டி, இந்தப் பதிவுகளைக் கேட்டிருந்த அமைப்புக்கு அனுப்பிவிட்டேன். ஆறு கிழமைக்குப் பிறகு யாரோ கண்டுபிடித்தார்கள். யார் செய்தது என்று மனேஜர் கேட்டபோது, "நான்தான்" என்றேன். என்னையும் நிற்பாட்டினார்கள். உன்னிடம், அலுவலகத்தில் ஆள் குறைக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். நீ நம்பியிருக்கமாட்டாய். என் குரலில் பொய் இருந்தால் உனக்குத் தெரியாமலா போகும்?

அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. அந்தத் தாய் இன்னும் தேடுகிறார். நடந்ததை மறந்துவிட்டு ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், அப்படி ஒருவரும் காணாமல் போகவில்லை, எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, அவருக்கு முன்னால் நின்று, ஜெயரூபன் என்றேன். நீலக்கோடு போட்ட சேட்டு என்றேன். கொண்டுபோனவர்கள் யாரென்றும் சொன்னேன். அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும்.