சஹனில் எழுதிய எழுத்துகள்

பதுளை
04.02.2024

அன்புள்ள ரிஸ்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாதல்லவா? மூன்றாம் வகுப்புக்கு வந்தும் மகளுக்கு வாசிப்பு வரவில்லை என்று அவளை விடுதி மத்ரஸாவில் சேர்க்கச் சொல்கிறீர்கள். நோன்புப் பெருநாள் வரைக்கும் தவணை தாருங்கள். கலாராணி டீச்சர் ஒரு வழி சொன்னார். எழுத்தைக் கண்ணால் பார்த்து, சத்தத்தை வாயால் சொல்லி, விரலால் மாவில் எழுத வேண்டுமாம், எல்லாம் ஒன்றாக. நாம் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டில் அரிசி மாவைப் பரப்பியிருக்கிறேன். வண்டு விழுந்த மாதான். வீண்விரயம் என்று நினைக்காதீர்கள்.

துஆவுடன்,
நபீலா

தோஹா
20.02.2024

நபீலாவுக்கு ஸலாம்.

சோறு தின்னும் சஹனில் படிப்பா? நல்ல கூத்து! தங்கச்சியின் மகள் பேப்பர் வாசிக்கிறாள். நம்முடையது மக்கு, மறைத்து என்ன ஆகப்போகிறது? விடுதியில் இரண்டு அடி போட்டால் தானாக வரும். பெருநாளுக்கு வருவேன். வாசிக்காவிட்டால் கையோடு கொண்டுபோய்ச் சேர்ப்பேன். உன் இருமலுக்கு மருந்து எடுத்தாயா?

ஸாஹிர்

பதுளை
17.03.2024

அன்புள்ள ரிஸ்காவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமல் குறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் கொஞ்ச நாள் வீணாய்ப் போனது. பிழை என்னுடையது. சாப்பிட இருக்கிற மாதிரியே சஹனுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் இருந்து எழுதிக் காட்டினேன். தெரிந்த எழுத்தும் குழம்பியது. "உம்மா, ஒங்கட பக்கம் வந்து பாத்தா வேற மாதிரி தெரியுது" என்று அவள்தான் கண்டுபிடித்தாள். பிள்ளைக்கு இத்தனை நாளும் தலைகீழாகக் காட்டியிருக்கிறேன்! இப்போது தோளோடு தோள் ஒட்டி ஒரே பக்கம் இருக்கிறோம். அவள் "ம்ம்ம்" என்று இழுத்துச் சொல்லி எழுதினால் பூனைகூடத் திரும்பிப் பார்க்கும்.

நேற்று நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை எடுத்துவந்து தரையில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாய் விரலால் தடவிச் சத்தம் சொன்னாள். என் பெயரை வாசித்தாள். சந்தோஷத்தில் அகப்பையோடு நின்றுவிட்டேன். கஞ்சி அடிப்பிடித்ததும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"'மக்கு'ன்டு எழுதியிருக்கிறது என்னயா உம்மா?"

அவள் வாசித்தது சரி. சரி என்று எப்படிச் சொல்வேன்?

அல்லாஹ்வை முன்வைத்துச் சொல்கிறேன், விடுதிக்கு அவளை அனுப்ப மாட்டேன். இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். ரிஸ்காவுக்கு எழுதுங்கள். எழுத்தைப் பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். அவள் விரல் வைத்து வாசிப்பாள்.

நபீலா