வாசல் ஜல்லிக்கு எதிராக ஒரு மேல்முறையீடு

அனுப்புநர்:
ல. அபிதகுஜாம்பாள்,
பள்ளி ஆசிரியை,
முடிச்சூர், தாம்பரம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
வட்ட சட்டப் பணிகள் குழு,
தாம்பரம்.

பொருள்: உரிமையியல் வழக்கில் பிறப்பித்த இடைக்காலத் தடையை எதிர்த்து, வழக்கு முடியும் முன்பே மேல்முறையீடு செய்ய இலவச வழக்கறிஞர் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவிலுள்ள வழி தம் குடும்ப நிலம் என்று, பக்கத்து வீட்டுக்காரரும் கட்டுமானப் பொருள் வியாபாரியுமான திரு. பொன்னுரங்கம் என் மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியும்வரை அங்கே இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும், இரு தரப்பும் எதையும் மாற்றக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. அன்று அங்கே இருந்தது அவருடைய ஒரு லாரி ஜல்லி. நானறிந்தவரை, எங்கள் தெருவில் சட்டத்தின் முழுப் பாதுகாப்போடு வாழ்வது அந்த ஜல்லி மட்டுமே.

2. அதன் மேல் ஏறி இறங்கித்தான் பள்ளிக்குப் போய் வருகிறேன். உச்சியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கும் தடை பொருந்துமா என்று என் வழக்கறிஞர் திரு. ஷ்யாம்சுந்தரைக் கேட்டேன், அடுத்த வாய்தா தேதியைச் சொன்னார். மேல்முறையீடு பற்றிக் கேட்டபோது மட்டும் தெளிவாகச் சொன்னார்: "மேடம், இது இன்டெரிம் ஆர்டர். கேஸ் முடிஞ்சப்புறம்தான் அப்பீல். பொறுமையா இருங்க." இருந்தேன்.

3. இரண்டு மாதம் முன்பு என் கணவர் திரு. லக்ஷ்மிநாராயணன் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பிய ஆம்புலன்ஸ் தெருவிலேயே நின்றுவிட்டது. அவரை நாற்காலியோடு நான்கு பேர் ஜல்லி மேல் தூக்கி வந்தார்கள். வலியிலும் மனிதர் பல்லக்கில் வரும் சாமி போல இரு பக்கமும் கை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டே வந்தார். தூக்கியவர்களில் ஒருவர் வாதி பொன்னுரங்கமே. "கேஸு வேற, சாரு வேற, டீச்சர்" என்றார். அப்படியே ஜல்லியையும் தூக்கிவிடுங்களேன் என்றேன். "நான் இன்னா பண்றது? தொட்டா கோர்ட்டு அவமதிப்பாயிடும்னு வக்கீல் சொல்லிக்கிறாரு." அவர் சொன்னது பொய் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு அது வசதியாக இருந்தது. அங்கே சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதேன்.

4. பிறகு தங்கள் குழுவின் முகாமில் வழக்கறிஞர் செல்வி ஏஞ்சல் விளக்கினார். வாய்தா போன்ற உத்தரவுகளை எதிர்த்து வழக்கின் நடுவில் மேல்முறையீடு கிடையாது. தற்காலிகத் தடை அப்படியல்ல. அதை எதிர்த்து இப்போதே மேல் நீதிமன்றம் போகலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே தனியாகச் சொல்கிறதாம். "முப்பது நாளுக்குள்ள போட்டிருக்கணும் மேடம். லேட்டானதுக்குக் காரணம் சொல்லி தனி மனு போடலாம்." காரணம் என்னிடம் தயாராக உள்ளது: பொறுமையாக இருக்கச் சொன்னார்கள்.

5. எனவே, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு மேல்முறையீட்டைத் தாக்கல் செய்ய, பெண்ணாகிய எனக்குச் சட்டம் தரும் இலவச உதவியாக செல்வி ஏஞ்சலையே நியமித்துத் தர வேண்டுகிறேன். வழி யாருடையது என்று நீதிமன்றம் நிதானமாகவே முடிவு செய்யட்டும். அதுவரை அதில் நடக்க விட்டால் போதும். தினமும் வெளியே நடக்கும்படி மருத்துவர் என் கணவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட் வரை வருகிறார். சற்று நின்று தெருவைப் பார்க்கிறார். பிறகு உள்ளே திரும்பிவிடுகிறார்.

இடம்: முடிச்சூர்
நாள்: 12.08.2024

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ல. அபிதகுஜாம்பாள்