சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழாய்

அரியலூர்
7.3.1983, திங்கள்

அன்புள்ள அக்கா அம்சவள்ளிக்கு, தம்பி அரியமுத்து எழுதுவது. இங்கு நலம். அம்மா, மாமா, உன் பயல் எல்லோரும் நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நான் கொடுத்துவிட்டு வந்த சுரங்க ஹெல்மெட்டில் கோழியை அடைக்கு வைத்திருக்கிறீர்களாமே? பஸ் கண்டக்டர் அழகேசன் இங்கே நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கிறார். மாமா கிணறு வெட்டப் போகும்போது தலையில் போடட்டும் என்றுதான் கொடுத்தேன். மனுசத் தலையை விட முட்டைதான் சீக்கிரம் உடையும் என்று அம்மா சொன்னாளாம். காய்ச்சல் பார்க்க வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டரைக் கொதிக்கிற கஞ்சியில் விட்டு உடைத்தது யார் என்று நான் கேட்கவே இல்லை. எதைக் கொடுத்தாலும் அது எதற்கு என்று கேட்க மாட்டீர்கள். பார்க்க எது மாதிரி இருக்கிறதோ அதுவாக ஆக்கிவிடுவீர்கள்.

கூடை பின்ன நீ கேட்ட வயர் அழகேசனிடம் கொடுத்திருக்கிறேன். சிவப்பும் மஞ்சளும். பாறையில் குழி போட்டு வைக்கிற வெடிக்குக் கரண்ட் கொண்டுபோகிற வயர் இது. வெடித்த பிறகு வெறும் குப்பை. ஆனாலும் வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம் பேசுவார்கள், யாரிடமும் சொல்லாதே. சனிக்கிழமை இருபத்து நாலு குழி. ஷிப்ட் முடிகிற நேரம், லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். கல்லுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் இழுத்துப் பந்தாகச் சுருட்டிவிட்டேன். சிக்கை நீதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பயலுக்குச் சளி விடவில்லை என்றால் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. மந்திரிக்கிறேன், தாயத்துக் கட்டுகிறேன் என்று அம்மா கிளம்பினால் நான் ஊர்ப்பக்கமே வர மாட்டேன். மூத்தது போனது தாயத்து இல்லாததால் இல்லை, வயிற்றுப்போக்கால். எத்தனை தடவை சொல்வது?

தம்பி
அரியமுத்து


அரியலூர்
17.3.1983, வியாழன், மாலை மூன்றரை

அக்காவுக்கு,

முதலில் இதைச் செய். பயல் கழுத்தில் கட்டியிருக்கிற குழாயை எடுத்துவிடு. இழுக்காதே. முடிச்சை அவிழ்த்துக்கொண்டு உட்காராதே. கயிற்றைக் கத்தரியால் வெட்டு. குழாயைப் பழைய துணியில் சுற்றி மாமாவிடம் கொடு. வீட்டை விட்டுத் தள்ளி, தரிசில் ஒரு பள்ளத்தில் மெதுவாக வைத்துவிட்டு, யாரும் கிட்டே போகாமல் அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். தட்டக் கூடாது, கீழே போடக் கூடாது, நெருப்புப் பக்கமே போகக் கூடாது. செய்துவிட்டு வந்து மீதியைப் படி.

அது தாயத்துக் குழாய் இல்லை. நான் அனுப்பவும் இல்லை. அதன் பெயர் டெட்டனேட்டர். குழிக்குள் இருக்கிற வெடிமருந்துத் தோட்டாவை வெடிக்க வைப்பதே அதுதான். வயரின் நுனியில் இருக்கும். வெடித்த பிறகு அரை மணி பொறுத்து, ஒவ்வொரு குழியாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் பார்க்கவில்லை. எல்லாம் வெடித்தது என்று ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று வெடிக்கவில்லை.

நீ செவ்வாயன்று எழுதிய கடிதத்தை இப்போதுதான் அழகேசன் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். சிக்கெடுக்கும்போது வெள்ளி மாதிரி, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழாய் கிடைத்தது, வயரை ஒட்ட நறுக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாளாம். அவன் வாயால சொல்ல மாட்டான், கையால அனுப்பிட்டான் பாரு என்றாளாம். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நாளை பங்குனி முதல் வெள்ளி, நகை செய்கிற இளையபெருமாள் பத்தர் வந்து குழாயின் வாயைச் சூடு காட்டித் திறந்து, பூசாரி கொடுத்த தகட்டை உள்ளே வைத்து, வளையம் பற்றவைப்பார் என்கிறாய். அதுவரைக்கும் சும்மா கட்டியிருக்கட்டும் என்று கட்டிவிட்டோம், பல் முளைக்கிற ஊறலுக்குப் பயல் அதைத்தான் கடிக்கிறான் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்.

நானே ஓடி வராமல் காகிதம் எழுதிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை லாரியில் கல் ஏற்றும்போது வெடிக்காத தோட்டா ஒன்று கிடைத்தது. அதில் டெட்டனேட்டர் இல்லை. எவனோ திருடிவிட்டான் என்று போலீஸ் வந்துவிட்டது. எங்கள் ஆறு பேரையும் ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்கள். வாசலில் கான்ஸ்டபிள். குழி போடுகிற ஏலாக்குறிச்சிப் பாக்கியராஜை, ஏரி மீனுக்கு வெடி போட வித்துட்டியாடா என்று கேட்டு அடித்தார்கள். எம் புள்ளைங்க மேல சத்தியமா தெரியாதுங்க ஐயா என்று அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் பாலிடெக்னிக் படித்தவனாம், எனக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் அதில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். கல்லோடு கல்லாகப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

இதை அழகேசனிடம் கொடுத்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன். வீட்டுக்குக் கடிதம் என்று எழுத விட்டிருக்கிறார்கள், இப்போதே சொன்னால் காகிதத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் எழுதி, கையெழுத்து வாங்கி, பெரிய அதிகாரி வந்து, ஜீப் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகுமோ. அழகேசனின் நாலு மணி வண்டி ஏழுக்குள் நம் பூலாம்பாடிக்கு வந்துவிடும். கான்ஸ்டபிள் பக்கத்திலேயே நிற்பதால் அழகேசனிடம் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. உடனே படித்தாக வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

ஜீப் வந்தால் பயந்துபோய் அதை ஒளிக்காதீர்கள். அடுப்பில் போட்டுவிடாதீர்கள், கிணற்றில் எறியாதீர்கள். பள்ளத்தைத் தூரத்தில் நின்று கை காட்டுங்கள். வயர் கொடுத்தது நான்தான் என்று சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். வேலை போய்விடும். அதை அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பத்தரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். செம்போ வெள்ளியோ, பூசாரி சொல்கிறபடி வேறு குழாய் செய்து கட்டுங்கள். என் செலவு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அழகேசன் நாளைக் காலை முதல் வண்டியில் திரும்புவார். பதில் எழுதிக்கொண்டு நிற்காதே. பயல் கழுத்திலிருந்து வெட்டின கறுப்புக் கயிற்றை ஒரு தாளில் மடித்து அவரிடம் கொடு. என்னை எங்கே வைத்திருந்தாலும் கொண்டுவந்து காட்டச் சொல். வெறும் கயிறு போதும் அக்கா.

தம்பி
அரியமுத்து